அண்ணனுக்கு ஏத்த நாற்காலி

"தேய்ச்சது போதும், நாற்காலியே கரைஞ்சிடப் போகுது."

"கடைசிப் பூச்சு பாக்கி இருக்கு, குறுக்கே பேசாதே."

"எங்கப்பா கொடுத்த நாற்காலி. இத்தனை வருஷத்துல ஒரு தடவை தூசி தட்டியிருப்பீங்களா? நாளைக்கு எங்கண்ணன் வர்றார்னதும் பாசம் பொத்துக்கிட்டு வருதோ?"

"'உங்களுக்கு ஒரு ஆணி அடிக்கத் தெரியுமா மாப்பிள்ளை'ன்னு போன தடவை பொழுது சாயற வரைக்கும் உட்கார்ந்து கேட்டாரே. வந்து பார்க்கட்டும்."

கணவர் துணியை அரக்கு பாலிஷில் தோய்த்து, குழந்தைக்கு எண்ணெய் தேய்ப்பதுபோல் இருக்கையை நீவினார்.

மறுநாள் அண்ணன் வந்தார். "அட, முகமே தெரியுதே" என்று தடவிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். மாப்பிள்ளையின் சம்பளத்தைப் பற்றி ஆரம்பித்தவர், மெல்ல முன்னால் வழுக்கினார். காலை ஊன்றிப் பின்னால் நகர்ந்தார். மறுபடியும் வழுக்கினார். ஏறுவதும் இறங்குவதுமாக இருந்ததில் புத்திமதி பாதியிலேயே நின்றுபோயிற்று. காப்பியைக் குடித்த கையோடு, "இடுப்பு பிடிச்சுக்கிச்சும்மா" என்று கிளம்பிவிட்டார்.

அவரைத் தெருமுனை வரை வழியனுப்பிவிட்டுக் கணவர் திரும்பியபோது, மனைவி நாற்காலிக்கு அடியில் குனிந்திருந்தாள்.

"முன்கால் ரெண்டும் ஒரு விரல் அளவு குட்டையா இருக்கே. அறுத்தீங்களா?"

அவர் வாசற்படியைத் தாண்டவில்லை. செருப்பைக் கழற்றலாமா, அப்படியே ஓடிவிடலாமா என்று யோசித்தார்.

மனைவி எழுந்து நாற்காலியைக் கூடத்தின் நடுவில் இழுத்துப் போட்டாள். முந்தானையால் ஒருமுறை துடைத்தாள்.

"இது இங்கேயே இருக்கட்டும். ஞாயித்துக்கிழமை உங்கக்கா வர்றாங்க."