பதினோராவது கோடு

போரில் செத்த மகனின் சமாதிக் கல்லைப் பார்த்ததும் லியாங் அம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஷுவோ என்ற அவன் பெயர் சீனத்தில் ஒரே எழுத்து, பதினொரு கோடுகள். கல்லில் பத்துதான் இருந்தன.

"புதுப் பேரரசருக்கும் இதே பேரும்மா," என்றான் கல்தச்சன். "பன்னிரண்டு வயசுதான். ஆனா இனிமே யாரும் அந்த எழுத்தை முழுசா எழுதக்கூடாதாம். மீறினா தலை போயிடும்."

"அந்தப் பேரரசரோட அப்பனுக்காக என் பிள்ளை உயிரைக் கொடுத்தான். இப்ப மகனுக்கு அவன் பேரும் வேணுமா?"

கல்தச்சன் கையிலிருந்த உளியையும் சுத்தியலையும் பிடுங்கினாள். சத்தம் கேட்டுக் காவலன் ஓடிவந்தபோது கடைசிக் கோடு பாதி இறங்கியிருந்தது.

"நிறுத்து! அது பேரரசர் பேரு!"

"இருபது வருஷம் முன்னாடி இந்தப் பேரை வச்சவ நான்," என்றாள், திரும்பாமல். "வேணும்னா உங்க பேரரசரை ஒரு கோடு விட்டு எழுதச் சொல்லு."