சிவப்புக் குண்டூசிகள்

மாலை வெயில் ஜன்னல் வழியாக நீண்டு வந்து சுவரிலிருக்கும் நகர வரைபடத்தின் மேல் விழுகிறது. வளர்ப்பு வீடுகளில் வாழும் பிள்ளைகளுக்காக வாதாடும் அந்தச் சிறிய அமைப்பின் தலைவி, செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலி மேல் ஏறி நிற்கிறாள். பிள்ளைக்கு ஒரு குண்டூசி என்பது இந்த அலுவலகத்து வழக்கம். மூத்தவள், நடுவிலான், கடைக்குட்டி என்று ஒரே வயிற்றில் பிறந்த மூவர், வரைபடத்தின் மூன்று மூலைகளில் மூன்று சிவப்பு ஊசிகளாக இருக்கிறார்கள். மூவரையும் ஒரே வீட்டில் சேர்க்கச் சொல்லி இரண்டு வருஷம் ஒற்றைக்காலில் நின்றாயிற்று. இன்று வந்த நீதிமன்ற உத்தரவு மேசைமேல் மின்விசிறிக் காற்றில் படபடக்கிறது. பறந்துவிடாமல் துணைத்தலைவர் அதன்மேல் டீ கிளாஸை வைக்கிறார். கறை வட்டமாய்ப் பதிவதை இருவருமே கண்டுகொள்ளவில்லை. தலைவி நடுவிலானின் ஊசியையும் கடைக்குட்டியின் ஊசியையும் பிடுங்கி, மூத்தவளின் ஊசி இருக்கும் புள்ளியிலேயே குத்துகிறாள். மூன்று தலைகளும் முட்டிக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் சாய்கின்றன.

"இடம் பத்தலையே மேடம், கொஞ்சம் தள்ளிக் குத்துங்களேன்," என்கிறார் துணைத்தலைவர்.

"ஒரு நூல்கூடத் தள்ள மாட்டேன்." கட்டைவிரலால் இன்னும் அழுத்துகிறாள். "இடிச்சுக்கிட்டே கிடக்கட்டும் சார். அதுக்குத்தானே இத்தனை சண்டை போட்டோம்."