ஊசி போடாமல் முடியாதா?

"மூணு தடவை நாள் குறிச்சுக் கொடுத்தேன். மூணு தடவையும் வரல. இப்ப கன்னம் வீங்கினதும் ஓடி வர்றீங்க."

பல் டாக்டரம்மாவின் எரிச்சல் மாஸ்க்கையும் தாண்டிக் கேட்டது. நாற்காலியில் ஒரு பெண் சாய்ந்திருந்தாள். பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த எட்டு வயது மகளின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

எக்ஸ்ரேயைக் காட்டி டாக்டரம்மா விளக்கினார். கீழ்க் கடைவாய்ப்பல்லில் சொத்தை நரம்பு வரை போய்விட்டது. வேர் நுனியில் சீழ். நரம்பை எடுத்து, வேரைச் சுத்தம் செய்து அடைத்தால் பல் தப்பிக்கும். இன்னும் தள்ளிப்போட்டால் சீழ் தாடைக்கும் பரவும்.

அவள் மகளை ஒரு தடவை பார்த்தாள்.

"ஊசி போட்டா உதடு எவ்வளவு நேரம் மரத்திருக்கும் டாக்டர்?"

"மூணு மணி நேரம்."

"ஊசி போடாம முடியாதா?"

டாக்டரம்மா நர்ஸைப் பார்த்தார். நர்ஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். ரூட் கெனால் என்றாலே நடுங்குகிறவர்களை இருவரும் தினமும்தான் பார்க்கிறார்கள். இது புது ரகம்.

"ஊசி இல்லாம தொட்டா உயிரே போயிடும். ஊசிக்கா இவ்வளவு பயம்?" என்றவர் சிறுமி பக்கம் திரும்பி, "ஏன் பாப்பா, உங்கம்மா எப்பவும் இப்படித்தானா?" என்றார்.

சிறுமி வாயே திறக்கவில்லை. அவரை ஒரு தடவை பார்த்துவிட்டு, மறுபடி அம்மா முகத்தையே பார்த்தாள். நல்ல வளர்ப்பு என்று டாக்டரம்மா நினைத்துக்கொண்டார்.

ஊசி தயாரானது.

"எனக்கு ஊசி பயமில்ல டாக்டர்," என்றாள் அவள் தயங்கித் தயங்கி. "இவளுக்குக் காது கேக்காது. என் உதட்டைப் பாத்துத்தான் நான் பேசறதைப் புரிஞ்சுக்குவா. போன வருஷம் வேற பல்லைப் பிடுங்கினப்ப, உதடு மரத்து வாய் கோணிக்கிச்சு. நான் சொன்னது எதுவும் இவளுக்குப் புரியல. கோபத்துல பேசறதையே நிறுத்திட்டேன்னு நினைச்சு, அழுது அழுது காய்ச்சலே வந்துடுச்சு."



டாக்டரம்மா ஊசியைத் தட்டில் வைத்தார். சிறுமியின் முன்னால் குனிந்து மாஸ்க்கைக் கழற்றினார். ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திச் சொன்னார்.

"அம்மாவுக்கு உன்மேல கோபமே இல்ல. மூணு மணி நேரம் வாய் சரியா அசையாது, அவ்வளவுதான். அதுவரைக்கும் இந்த அக்கா உன்கூடப் பேசுவா."

சிறுமி கடைசி வார்த்தை வரை அந்த உதட்டையே பார்த்தாள். பிறகு நர்ஸைத் திரும்பிப் பார்த்தாள்.

நர்ஸ் அவசரமாகத் தன் மாஸ்க்கையும் இறக்கினாள். அதற்கப்புறம்தான் அம்மாவின் கையை விட்டாள் சிறுமி.