விடியலில் வருகிறவள்

ஆப்பிள் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் தேவாலயக் கூடத்துக்கு மனநல மருத்துவர் ஒஃபேலியா புதன்கிழமைதோறும் வருகிறாள். இன்று அவள் எதிரே ரெமிஹியோ உட்கார்ந்து, தொப்பி விளிம்பைத் திருகிக்கொண்டிருக்கிறார். மதிய வெயில் மேசைமேல் கிடக்கிறது. வெளியே டிராக்டர் உறுமுகிறது. மார்ச்சில் இறந்த மனைவி எர்மீனியா தினமும் விடியலில் கட்டிலோரம் வந்து பேசுகிறாளாம். படிவத்தில் 'குரல்கள் கேட்கின்றனவா?' என்ற கேள்வியருகே ஒஃபேலியாவின் பேனா நிற்கிறது. இருபத்திரண்டு வருடமாக இந்தப் பள்ளத்தாக்கில் வைத்தியம் பார்க்கிறாள். அவளுடைய அம்மாவும் செத்துப்போன அப்பாவோடு அடுப்படியில் பேசுவாள். யாரும் அதை நோய் என்றதில்லை. ஆனால் இவர் பத்துக் கிலோ இளைத்திருக்கிறார். “அவங்க வர்றப்போ பயமா இருக்கா?” “உயிரோட இருந்தப்பதான் பயம், டாக்டரம்மா.” அவர் சிரிப்பு பாதியில் நின்றுவிடுகிறது. “மாத்திரை போட்டா வரமாட்டாளா?” “தெரியல,” என்கிறாள். அது உண்மை. “தன்கூட வந்துடச் சொல்லிக் கூப்பிடுறாங்களா?” “ஐயோ, இல்ல. வையுறா. சாப்பிடாம கெடந்தா எப்படி, புதன்கிழமை டாக்டரப் போய்ப் பாருன்னா. அதான் வந்தேன்.” பேனா 'ஆம்' கட்டத்தைத் தொட்டு விலகுகிறது. “வேற என்ன சொன்னாங்க?” என்று கேட்டுவிடுகிறாள் ஒஃபேலியா. கேட்டது மருத்துவரா, அந்த அடுப்படியில் வளர்ந்த மகளா என்று அவளுக்கே விளங்கவில்லை.