முழங்கை

அந்தப் பெண்ணின் முழங்கை அசைந்தது. ஃபிட்டர் பொத்தானை அழுத்தினார்.

சத்தம் எதுவும் கேட்கவில்லை. அதற்காக அழுத்தாமல் இருக்க முடியுமா?

ஆள் ஒருவர் மட்டும் உட்காரக்கூடிய கண்ணாடி அறை. காதுகளில் ஹெட்போனை மாட்டி, சுவரைப் பார்க்க உட்கார வைத்திருந்தார்கள். சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும், அவ்வளவுதான் சோதனை. தேறினால் பழைய கம்பெனியிலேயே ஆறு மாத ஒப்பந்த வேலை. தேறாவிட்டால் வீடு.

ஆட்குறைப்பு என்று அனுப்பியதிலிருந்து எட்டு மாதமாக அந்த வீட்டில்தான் இருக்கிறார். சும்மா இருக்கும் மனிதனை எந்த வீடு எத்தனை நாள் பொறுக்கும்?

இருபத்திரண்டு வருடம் இரும்புத் தொட்டிகளுக்குள் புகுந்து தகடு அடித்த காது அது. காதைத் தின்றவர்களே இப்போது காது எங்கே என்று கேட்கிறார்கள். வெட்கம் கெட்டவர்கள்.

முதல் ஐந்து நிமிடம் அவருக்கு வியர்த்துக் கொட்டியது. பிறகுதான் அது கடைக்கண்ணில் பட்டது. கண்ணாடிக்கு அப்பால் இருந்து சோதித்த அந்தப் பெண் கருவியில் சத்தம் வைக்கும்போதெல்லாம் அவள் முழங்கை லேசாக எழுந்தது.

தொட்டிக்குள் யார் பேசியது யாருக்குக் கேட்டது? அங்கே கையும் கண்ணும்தான் பேச்சு. கட்டைவிரலை உயர்த்தினால் எல்லாம் சரி என்று அர்த்தம். ஒரு முழங்கையைப் படிக்க அவருக்கா தெரியாது?

கெட்டிக்காரர். உடனே அழுத்தினால் சந்தேகம் வரும் என்று ஒரு மூச்சு விட்டு அழுத்தினார். நடுவில் இரண்டை வேண்டுமென்றே கோட்டை விட்டார்.

முடிந்ததும் அவளே வந்து ஹெட்போனைக் கழற்றி ஏதோ சொன்னாள். முகக்கவசம் போட்டிருந்ததால் உதடு தெரியவில்லை. கண்கள் சுருங்கின. சிரிக்கிறாள் என்று எடுத்துக்கொண்டு, நன்றி சொல்லிக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார்.

வரிசையில் அடுத்து நின்றவன் அவருடைய மச்சினன், மனைவியின் தம்பி. அவருக்கு வேலை போன அதே நாளில் அவனுக்கும் போயிற்று. குழந்தை குட்டியோடு அக்கா வீட்டு மாடியறையில் ஒண்டியிருக்கிறான். வெல்டர் என்பதால் காது தப்பித்திருந்தது. ஊசி விழுந்தால் கேட்கும். ஆனாலும் பயந்து செத்துக்கொண்டிருந்தான்.

ஃபிட்டர் அவனை ஓரமாக இழுத்துக் காதோடு சொன்னார்.

"காதை நம்பாதடா. ஓரக்கண்ணால அவ முழங்கையைப் பாரு. அசைஞ்சா அமுக்கு, கேக்குதோ கேக்கலையோ."

மாமா பேச்சுக்கு மறுபேச்சுப் பேசிப் பழக்கமில்லாதவன். தலையாட்டிவிட்டு உள்ளே போனான்.

ஃபிட்டருக்கு இருப்புக் கொள்ளவில்லை. கால் மணி நேரம் எப்படியோ ஓட்டிவிட்டு, நடைக்கூடத்தின் கோடிக்குப் போய் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று மனைவிக்குப் போன் போட்டார். போனில் அவள் பேசுவது அவருக்குக் கேட்டு வருடக்கணக்காகிறது. சொல்ல வேண்டியதைக் கத்திச் சொல்லிவிட்டு வைத்துவிடுவார். அந்தக் குடும்பம் சண்டையில்லாமல் ஓடியதே அப்படித்தான்.

இரண்டு பேருக்கும் வேலை உறுதி என்று கத்தினார். உன் தம்பியைக் கரையேற்றுகிறேன் என்று சொன்னேனா இல்லையா என்று கத்தினார்.

மச்சினன் வந்து அவருக்குப் பின்னால் நின்றான். காது கேட்காத மனிதரின் முதுகிடம் பேசுகிறோம் என்ற நினைப்புகூட இல்லாமல் மெதுவாகச் சொன்னான்.

"மாமா, பாதி தடவை அவங்க சத்தமே வைக்கலையாம். பொய்யா அமுக்குறாங்களான்னு பாக்க, சும்மா கையை மட்டும் அசைச்சாங்களாம். ஒண்ணும் கேக்காதப்போ என் காதுதான் போயிடுச்சுன்னு நெனச்சு அமுக்கிட்டேன் மாமா. உங்ககிட்டயும் இதையேதான் சொன்னாங்களாம். நீங்க கும்பிட்டுட்டுப் போயிட்டீங்களாம்."

ஃபிட்டர் கத்தி முடித்துவிட்டுத் திரும்பினார். அவனைப் பார்த்ததும் முகம் மலர்ந்து கட்டைவிரலை உயர்த்தினார். புருவத்தையும் உயர்த்தி, என்ன ஆச்சு என்று கேட்டார்.

போன் இன்னும் அவர் கையில்தான் இருந்தது. அணைக்க மறந்திருந்தார். அதற்குள்ளிருந்து அக்கா அழுவது மச்சினனுக்குத் துல்லியமாகக் கேட்டது. தெய்வமே, தெய்வமே என்று சொல்லிச் சொல்லி, சந்தோஷத்தில் அழுதுகொண்டிருந்தாள்.

அவனும் கட்டைவிரலை உயர்த்தினான்.