புது எண்ணெய் செய்த சுத்தம்

"இதை ஊத்தினா உள்ளே இருக்கிற அழுக்கெல்லாம் பேந்து வந்துடும்" என்று மெக்கானிக் யாரிடமோ சொன்னது டின்னுக்குள் இருந்த புது எண்ணெயின் காதில் விழுந்தது. அதற்குப் பெருமை தாங்கவில்லை.

பழைய விமானத்தின் சிலிண்டர்கள் வட்டமாக அமைந்த இன்ஜினுக்குள் இறங்கியதுமே அது வேலையைத் தொடங்கிவிட்டது. கழுவத் தெரியாத எண்ணெயையே இத்தனை வருஷமும் குடித்த இன்ஜின் அது. மூலையெல்லாம் கசடு தடித்துக் கிடந்தது. பறப்பதற்கு முன் மெக்கானிக் தரையிலேயே இன்ஜினை ஓட்டிப் பார்க்க, புது எண்ணெய் கசடைக் கட்டிகட்டியாகப் பெயர்த்துத் தள்ளியது.

"அடியே, மெதுவா!" என்று எண்ணெயை வடிகட்டும் சல்லடை கத்தியது. "எல்லாம் என் மேலதான் வந்து அடைக்குது."

"சுத்தம் பண்றது தப்பாக்கா?"

"நான் அடைச்சுக்கிட்டா பேரிங்குக்கு எண்ணெய் போகாதுடி. நடுவானத்துல இன்ஜின் நின்னா?"

"இவளைத் திட்டாதே" என்றது இன்ஜின். "என்னைக் கழுவணும்னு இவ ஒருத்திதான் நினைச்சிருக்கா."

"அப்போ நான் என்ன செய்யட்டும்?" என்றது எண்ணெய்.

"பெயர்த்ததை எடுத்துக்கிட்டு வெளியே போயிடு. மிச்சத்தை அடுத்து வர்ற எண்ணெய் பாத்துக்கும்" என்றது சல்லடை.

"நேத்துதானே வந்தேன்!"

சல்லடைக் கண்களுக்குள் முட்டி மோதி நுழைந்தால் இன்னும் கொஞ்ச நேரம் சமாளிக்கலாம் என்று எண்ணெய்க்குத் தெரியும். ஆனால் அது நுழையாமல் நின்றது. எண்ணெயின் அழுத்தம் காட்டும் முள் சரிந்தது. மெக்கானிக் பதறி இன்ஜினை நிறுத்தி, எண்ணெயை வடிக்கும் அடித்திருகைக் கழற்றினார்.

எண்ணெய் முடிந்தவரை கசடை அணைத்துக்கொண்டு, கன்னங்கரேலென்று கீழே வைத்திருந்த வாளிக்குள் இறங்கியது.