முழந்தாளிட்ட அண்ணன்

"அண்ணனையே முழங்கால் போட வெச்சுட்டானே! இனிமே அவன் எனக்குத் தம்பியே இல்ல."

புது ஆயரின் அக்கா பொரிந்து தள்ளினாள்.

அன்று காலைதான் தம்பி மறைமாவட்டத்தின் தலைவரான ஆயராக, அதாவது பிஷப்பாக, பொறுப்பேற்றிருந்தான். தேவாலயக் குருக்கள் ஒவ்வொருவராக வந்து, அவன் முன் முழந்தாளிட்டு, மோதிரத்தை முத்தமிட்டு, கீழ்ப்படிவதாக வாக்குக் கொடுத்தார்கள். முப்பது வருஷமாகக் குருவாக இருக்கும் அண்ணனும் அந்த வரிசையில் வந்தார். மூட்டுவலிக்காரர். தம்பியோ நாற்காலியை விட்டு அசையவே இல்லை.

"அப்பா போனப்புறம் அவனைச் சைக்கிள்ல வெச்சுப் பள்ளிக்கூடம் கூட்டிட்டுப் போனது யாரு? நீங்கதானே அண்ணே?"

"அதுக்கு?" அண்ணன் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே கேட்டார்.

"கை கொடுத்து எழுப்பியிருக்கலாம்ல? ஏறின ஏணியை எட்டி உதைச்சுட்டான்!"

"அங்க உக்காந்திருந்தது தம்பி இல்லம்மா, ஆயர். எனக்கு மட்டும் சலுகை காட்டியிருந்தா, மத்தவங்க முகத்துல நான் எப்படி முழிக்கிறது?"

"உங்களுக்கு ரோஷம் இல்லேன்னா போகட்டும். எனக்கு இருக்கு. சாயங்காலம் குடும்பப் போட்டோவுல நான் நிக்க மாட்டேன்!"

போட்டோக்காரரிடமும் அதையே சொல்லிவிட்டாள்.

ஆனாலும் மனசு ஆறவில்லை. நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிடுவதென்று, அஞ்சு மணிக்கு ஆயர் இல்லத்துக்கே போய்விட்டாள். வாசலில் செயலர் மறித்தார்.

"கொஞ்சம் இருங்கம்மா. ஆயர் ஜெப அறையில இருக்கார்."

"என் தம்பியைப் பார்க்க எனக்கு அனுமதி வேணுமா?"

விறுவிறுவென்று உள்ளே நடந்தவள், ஜெப அறையின் கண்ணாடிக் கதவருகே அப்படியே நின்றுவிட்டாள்.

நாற்காலியில் அண்ணன். கழுத்தில் குருக்கள் அணியும் ஊதா நிறத் தோள்துண்டு. எதிரே வெறுந்தரையில் முழந்தாளிட்டு, தலை குனிந்தபடி ஆயர். அண்ணனின் கை அவர் தலைமேல் இருந்தது.

"பாவசங்கீர்த்தனம்," என்றார் பின்னாலேயே ஓடி வந்த செயலர், மெல்ல. "குருவானதுலேர்ந்து வாராவாரம் தன் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேக்கிறது அண்ணன்கிட்டதான். 'இப்ப நீ ஆயர், வேற யாராவது பெரியவங்ககிட்ட போ'ன்னு அண்ணனே சொல்லிப் பார்த்தார். ஆயர் கேக்கல."

"ஏனாம்?"

"'இனிமே எல்லாரும் எனக்குப் பயப்படுவாங்க. என்னைக் கண்டிக்கப் பயப்படாத ஒருத்தர் எனக்கு வேணும்'னுட்டார்."

 அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

தோட்டத்தில் போட்டோக்காரர் இரண்டே நாற்காலிகளைப் போட்டுக்கொண்டிருந்தார்.

"நீங்கதான் நிக்க மாட்டேன்னு சொன்னீங்களேம்மா?"

"யாரு சொன்னா? ரெண்டு பேருக்கும் நடுவுல நான்தான் நிப்பேன்!"